ஏரியைப் பிரிந்த கவிஞர்

அந்த ஏரிக்கரையில் அவர் வாழ்ந்தது சில ஆண்டுகளே. ஆனால், சாகும்வரை அதை அவர் மறக்கவில்லை. அதைப் பாடியே அழியாப் புகழ் பெற்றார்.

அவர்தான் ராகேல். எபிரேய மொழிப் பெண் கவிஞர்களுள் முன்னோடி.

குழந்தைகளே ஆசிரியர்கள்

ராகேல் 1890-ம் ஆண்டில் ருஷியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதில் ருஷிய மொழியில் கவிதை எழுதினார். ஓவியமும் கற்றார்.

1909-ல் மேற்படிப்புக்காக சகோதரியுடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். வழியில் பாலஸ்தீனத்தைப் பார்க்க இறங்கினார். அப்போது அங்கே துருக்கியர் ஆட்சி. அந்த மண் அவருடைய மனதைக் கவர்ந்துவிட்டது. இத்தாலிப் பயணம் நின்றது!

எபிரேயம் யூதர்களின் பழைய மொழி. நெடுங்காலம் ஏட்டிலும் பிரார்த்தனையிலும் இருந்த அது, அப்போதுதான் மீண்டும் பேச்சு மொழியாகி வந்தது. ராகேல் பாலர் பள்ளிக்குப் போனார். குழந்தைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்த மொழியைக் கற்றார்.

மண்வெட்டி பிடித்த கை

பிறகு கின்னரேத் ஏரிக்கரைக்குச் சென்றார். பைபிளில் கலிலேயாக் கடல் என்று வருவது இந்த ஏரிதான். பெயர்தான் கடல், தண்ணீரோ நல்ல தண்ணீர். கிழக்கே கோலான் குன்றுகள். வடக்கே, தொலைவில், பனி மூடிய எர்மோன் மலை.

அங்கே பெண்களுக்கான விவசாயப் பள்ளி ஒன்று இருந்தது. வசதியாக வளர்ந்த ராகேல் அதில் சேர்ந்து மண் வெட்டினார்; செடி நட்டார். அவர் வாழ்வில் மகிழ்ச்சியான நாட்கள் அவையே.

விவசாயம் படிக்க 1913-ல் பிரான்சுக்குப் போனார். மறு ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. ஏரிக்கரைக்குத் திரும்ப முடியவில்லை. ருஷியாவுக்குப் போய், அகதிக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார். அந்த ஆண்டுகளில் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது.

மூடிய கதவு

போர் முடிந்தது. 1919-ல் கப்பலேறி வந்தார். கின்னரேத் அருகில் உள்ள தெகானியா கூட்டுப் பண்ணையில் சேர்ந்தார்.

ஆனால், நோய் வெளிப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பண்ணைக் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். ராகேல் வெளியேற வேண்டியதாயிற்று. குழந்தைகளிடம் மொழி கற்றவர், குழந்தைகளின் அருகில் இருக்கக்கூடாதவர் ஆனார்!

ஊர் ஊராக அலைந்து, கடைசியில் டெல் அவீவ் நகரில் தனி அறையில் குடியேறினார். உழைக்க உடம்பில் வலு இல்லை. கையில் பேனா இருந்தது. ஏரியையும் குன்றுகளையும் நினைத்து நினைத்துச் சின்னஞ்சிறு கவிதைகள் எழுதினார். சாதாரண மக்களுக்கும் புரியும் சொற்கள். "தவார்" என்ற தொழிலாளர் பத்திரிகையில் அவை வெளிவந்தன. "ராகேல்" என்று மட்டுமே கையெழுத்திட்டார். 1927-ல் முதல் புத்தகமும், 1930-ல் இரண்டாவது புத்தகமும் வெளியாயின.

மூன்றாவது புத்தகத்தின் பெயர் "நேபோ". மோசே அந்த மலை உச்சியில் நின்று, கடவுள் வாக்களித்த நாட்டைக் கண்ணால் கண்டார். ஆனால், அதற்குள் போகாமலே இறந்தார். ராகேலின் கதையும் அதுவே. அந்தப் புத்தகம் 1932-ல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1931 ஏப்ரல் 16-ல், 40 வயதில் கண் மூடினார்.

ஏரி அழைத்துக்கொண்டது

அவருடைய விருப்பப்படியே கின்னரேத் கரையில் அவரை அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது தங்க இடமில்லாத கரையில், அவர் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்.

2017-ல் இஸ்ரேல் அரசு வெளியிட்ட 20 ஷெக்கல் நோட்டில் அவர் படம் இருக்கிறது. ஒற்றை அறையில் வறுமையில் வாடியவரின் முகம், இன்று வீடுதோறும் கைமாறுகிறது.