வெள்ளை ரத்தத்துக்குப் பெயர் வைத்த ருடால்ஃப் விர்ஷோ: தடுப்பூசி வரிசைக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

2021-ன் தொடக்கத்தில் கொரோனா தடுப்பூசி கைக்கு வந்தபோது எல்லா நாடுகளிலும் எழுந்த கேள்வி ஒன்றுதான். இருப்பது கொஞ்சம், கேட்பவர்கள் கோடிக்கணக்கில், முதலில் யாருக்குப் போடுவது? முதியவர்கள், மருத்துவப் பணியாளர்கள் என்று தொடங்கிய முன்னுரிமைப் பட்டியல்களில் பல நாடுகள் சேர்த்த இன்னொரு பெயர் லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய்.

அந்தச் சொல்லை உருவாக்கியவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ. நோயைக் கண்டுபிடித்ததோடு அவர் நிற்கவில்லை. நோய் யாரை முதலில் தாக்குகிறது, அரசு யாரை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

யார் இவர்?

1821 அக்டோபர் 13-ம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பொமரேனியா பகுதியில் ஷிவெல்பைன் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. வசதியான குடும்பம் இல்லை. அப்பா விவசாயம் பார்த்தபடி நகராட்சியின் கணக்கையும் கவனித்து வந்தார். ஒரே பிள்ளை.

செலவில்லாமல் மருத்துவம் படிக்க அன்று ஒரு வழி இருந்தது. ராணுவத்துக்கு மருத்துவர்களைத் தயார்செய்யும் பெர்லின் கல்வி நிலையத்தில் சேர்ந்துவிட்டால் போதும். 1839-ல் அங்கே சேர்ந்தார், 1843-ல் மருத்துவரானார். பிறகு பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் பிணப் பரிசோதனைப் பிரிவில் வேலை.

சமையல்காரப் பெண்ணின் ரத்தம்

1845-ல் சாரிட்டேவில் சுமார் 50 வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். சமையல் வேலை செய்து பிழைத்தவர். உடம்பு சோர்வு, கால் வீக்கம், மூக்கில் ரத்தம் வடிதல், வயிற்றில் பெரிதாக வீங்கிய மண்ணீரல். சில மாதங்களில் இறந்துவிட்டார்.

உடலைப் பரிசோதித்த விர்ஷோவுக்கு அப்போது 24 வயதுகூட முழுதாக நிறையவில்லை. ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், சிவப்பணுக்களும் வெள்ளை அணுக்களும் இருக்க வேண்டிய விகிதம் அப்படியே தலைகீழாகிக் கிடந்தது. எங்கும் வெள்ளை அணுக்கள். அதற்கு அவர் வைத்த பெயர் ‘வெள்ளை ரத்தம்’. 1847-ல் அதையே கிரேக்க வேர்ச்சொற்களைக் கொண்டு ‘லுகேமியா’ ஆக்கினார்.

யார் முதலில் என்ற சண்டை இந்த நோயின் பிறப்பிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர், விர்ஷோவுக்குச் சில வாரங்கள் முன்பாகவே இதுபோன்ற ஒரு நோயாளியைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் ரத்தத்தில் சீழ் கலந்துவிட்டது என்று பென்னட் நினைத்தார். இது சீழே இல்லை, ரத்தத்தில் இயல்பாக இருக்கும் வெள்ளை அணுக்கள்தான் அளவு மீறிப் பெருகியிருக்கின்றன என்றார் விர்ஷோ. தேதிப்படி பென்னட் முந்தினார், விளக்கத்தில் விர்ஷோ முந்தினார். இருவருக்கும் வரலாற்றில் இடம் உண்டு.

அதற்கடுத்த 10 ஆண்டுகளில் இதில் இரண்டு வகை இருப்பதையும் விர்ஷோ பிரித்துக் காட்டினார். ஒன்றில் மண்ணீரல் பெருக்கிறது, மற்றதில் நிணநீர்க் கழலைகள் பெருக்கின்றன. மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய்களை இன்று ‘மைலாய்டு’, ‘லிம்ஃபாய்டு’ என்று பிரிப்பதற்கு வேர் இங்கேதான். தடுப்பூசி விஷயத்தில் இந்தப் பிரிவு எவ்வளவு முக்கியம் என்பது கீழே வரும்.

அரசு கேட்டது மருந்து, அவர் எழுதியது அரசியல்

1848 பிப்ரவரி. பிரஷ்யாவின் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. நம்ம ஊர் டைஃபாய்டு வேறு, இது வேறு. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் போலிஷ் மொழி பேசும் ஏழைகள். செய்தி நாளிதழ்களில் வந்து சங்கடமாகிவிட்டதால் அரசு ஒரு குழுவை அனுப்பியது. அதில் 26 வயது விர்ஷோவும் போனார்.

மூன்று வாரம்கூட அங்கே இல்லை. ஆனால் பார்த்தது அவரை மாற்றிவிட்டது. பசி, ஈரம் சொட்டும் ஒற்றை அறை வீடுகள், பள்ளி இல்லை, சாலை இல்லை, அதிகாரிகள் பேசும் மொழி மக்களுக்குப் புரியாது. திரும்பி வந்து அவர் கொடுத்த அறிக்கையில் மருந்துச் சீட்டைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள். முழுமையான ஜனநாயகம், பெண்களையும் சேர்த்து எல்லோருக்கும் கல்வி, போலிஷ் மொழிக்கு உரிமை, ஏழைகளின் தலையில் சுமத்திய வரியை வசதியானவர்கள் பக்கம் மாற்றுவது, சாலைகள், விவசாய மேம்பாடு ஆகியவைதான் அவருடைய சிகிச்சை.

பேன்கள்தான் டைஃபஸைப் பரப்புகின்றன என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் நிக்கோல் கண்டுபிடித்தது 1909-ல். விர்ஷோவுக்கு அது தெரியாது. ஆனாலும் நெரிசலும் வறுமையும் இருக்கும் இடத்தில்தான் இந்த நோய் ஆடும் என்று அவர் சொன்னது தப்பவில்லை.

பெர்லினுக்குத் திரும்பிய சில நாட்களில் 1848 மார்ச் புரட்சி வெடித்தது. விர்ஷோ தடுப்பரண் கட்டுபவர்களோடு போய் நின்றார். மருத்துவச் சீர்திருத்தத்துக்காகவே ஒரு வார இதழ் நடத்தினார். ஏழைகளுக்காக வாதாட வேண்டிய வக்கீல் மருத்துவர்தான் என்பது அவருடைய நிலைப்பாடு. அரசு சும்மா இருக்குமா? 1849-ல் அவருடைய பதவிக்கு ஆபத்து வந்தது. அதே ஆண்டு வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார்.

செல் முதல் சாக்கடை வரை

1856-ல் பெர்லின் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. 1858-ல் 20 சொற்பொழிவுகளின் தொகுப்பாக ‘செல் நோயியல்’ நூல் வெளிவந்தது. எந்த செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கிறது, நோய் என்பது செல்லில் ஏற்படும் கோளாறு என்பதுதான் அதன் சாரம். இந்தக் கருத்தை அவருக்கு முன்பே ராபர்ட் ரேமாக் ஆய்வில் காட்டியிருந்தார். உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது விர்ஷோ. ரத்தம் உறைந்து நாளத்தை அடைக்கும் பிரச்சினையைக் குறிக்க இன்று மருத்துவர்கள் சொல்லும் ‘திராம்போசிஸ்’, ‘எம்பாலிசம்’ ஆகியவற்றை விளக்கியதும் அவர்தான்.

1859-ல் பெர்லின் நகர மன்ற உறுப்பினரானார். சாகும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. தெருவோரம் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்த பெர்லினுக்குப் பொறியாளர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் பாதாளச் சாக்கடைத் திட்டம் கொண்டுவந்தபோது, அதை நகர மன்றத்தில் தூக்கி நிறுத்தியவர் விர்ஷோ. நகராட்சி மருத்துவமனைகள், இறைச்சிப் பரிசோதனை என்று பட்டியல் நீளும். நாடாளுமன்றத்தில் பிஸ்மார்க்கை விடாமல் எதிர்த்தார். கடுப்பான பிஸ்மார்க் 1865-ல் அவரை ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்கு அழைத்தார். விர்ஷோ போகவில்லை.

எங்கே சறுக்கினார்?

எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. கை கழுவினால் பிரசவ மரணம் குறையும் என்ற செம்மல்வெய்ஸை அவர் ஏற்கவில்லை. நியாண்டர்தால் எலும்பைப் பார்த்துவிட்டு, நோய் தாக்கிய சாதாரண மனிதனுடையது என்றார். கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று ராபர்ட் கோக் நிறுவியபோதும், கிருமி மட்டுமே காரணம் என்பதை ஒப்புக்கொள்ளக் கடைசிவரை தயங்கினார்.

ஒரு வேடிக்கை பாருங்கள். இன்றைய தடுப்பூசிகளில் பெரும்பாலானவை அவர் சந்தேகப்பட்ட கிருமிக் கொள்கையிலிருந்து வளர்ந்தவை. அந்தத் தடுப்பூசி சிலருக்கு ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கான விடையோ அவருடைய செல் கொள்கையில் இருக்கிறது.

சரி, இதுக்கும் தடுப்பூசி வரிசைக்கும் என்ன சம்பந்தம்?

தடுப்பூசி போட்டதும் உடலில் எதிர்ப்பொருளைத் தயாரிப்பவை பி-செல்கள் என்ற வெள்ளை அணுக்களும், அவற்றிலிருந்து உருவாகும் பிளாஸ்மா செல்களும். நாள்பட்ட லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோய் பிடிப்பது அதே பி-செல்களை. மைலோமா பிடிப்பது பிளாஸ்மா செல்களை. அதாவது தடுப்பூசி யாரிடம் வேலை வாங்க வேண்டுமோ, அந்த ஆளே படுத்த படுக்கை. சிகிச்சைக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் பி-செல்களைக் குறிவைத்தே அழிக்கின்றன.

2021-ல் இஸ்ரேலில் நாள்பட்ட லிம்ஃபாய்டு புற்றுநோய் உள்ள 167 பேரிடம் நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு டோஸ் போட்ட பிறகும் எதிர்ப்பொருள் உருவானது 10-ல் 4 பேருக்குத்தான். அந்த நேரத்தில் சிகிச்சையில் இருந்தவர்களில் அது வெறும் 16%. நாள்பட்ட மைலாய்டு வகையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. தினமும் மாத்திரை எடுத்து நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி நன்றாகவே வேலை செய்கிறது. விர்ஷோ அன்று பிரித்துக் காட்டிய இரண்டு வகைக்கும் இரண்டு விதமான பாதுகாப்பு.

பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா?

பிரிட்டனில் ரத்தப் புற்றுநோயாளிகள் 70 வயது கடந்தவர்களோடு சேர்த்து 4-வது பிரிவில் வைக்கப்பட்டார்கள். இந்தியாவில் 2021 மார்ச் 1 முதல், 45 முதல் 59 வயதுக்குள் இருப்பவர்களில் 20 வகை இணைநோய் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. லிம்ஃபோமா, லுகேமியா, மைலோமா மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்தது. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால், இந்தியாவில் நாள்பட்ட மைலாய்டு புற்றுநோய் இளம் வயதிலேயே வருகிறது. முப்பதுகளில் இருக்கும் நோயாளிகள் ஏராளம். 38 வயது நோயாளி ஒருவர், 18 வயது கடந்த எல்லோருக்கும் திறந்துவிட்ட மே 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது. நோயைப் பட்டியலில் சேர்த்த விதி, வயதைக் காட்டி அவரை வெளியே நிறுத்திவிட்டது. 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கை டோஸ் வந்தபோதும் கதை இதுதான். சுகாதார, முன்களப் பணியாளர்களைத் தவிர, 60 வயது கடந்த இணைநோயாளிகளுக்குத்தான் அது முதலில் கிடைத்தது.

வரிசையில் முதல் ஆளாக நின்று ஊசி போட்டுக்கொண்டாலும், உடல் ஒத்துழைக்காதவருக்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? சுற்றி இருப்பவர்களிடமிருந்துதான். பிரிட்டன் 2021 மார்ச் இறுதியில் ஒரு நல்ல முடிவு எடுத்தது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களோடு ஒரே வீட்டில் வசிக்கும் பெரியவர்களுக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மூன்றாவது டோஸைப் பரிந்துரைத்தன.

நோயாளியை மட்டும் பார்த்தால் போதாது, அவர் வாழும் வீட்டையும் தெருவையும் பார்க்க வேண்டும் என்று சைலீசியாவிலிருந்து விர்ஷோ எழுதியதும் இதைத்தான்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது

நாள்பட்ட ரத்தப் புற்றுநோயோடு வாழ்பவர்களுக்குக் கொரோனா மட்டும் அல்ல, ஃப்ளூவும் நிமோனியாவும்கூட ஆபத்துதான். எந்தத் தடுப்பூசியை எப்போது போடுவது என்பதைச் சிகிச்சை தரும் ரத்தவியல் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். முடிந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. தட்டம்மை, சின்னம்மை போன்றவற்றுக்கான உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை மருத்துவர் சொல்லாமல் போடவே கூடாது. வீட்டில் இருப்பவர்கள் தங்கள் தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நோயாளிக்குச் செய்யும் பெரிய உதவி.

விர்ஷோ 80 வயதிலும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தார். 1902 ஜனவரியில் பெர்லினில் டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அதிலிருந்து அவர் மீளவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 5-ம் தேதி காலமானார். அவர் 1847-ல் தொடங்கிய மருத்துவ ஆய்விதழ் அவர் பெயரிலேயே இன்றும் வந்துகொண்டிருக்கிறது.