மாண்டிசோரி அம்மையார்

குழந்தையின் கல்வி பள்ளியிற் சேரும் நாளன்று தொடங்குவதன்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே தொடங்கிவிடுகிறது. இவ்வுண்மையை உலகு உணரச் செய்தோருள் தலைசிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் இத்தாலி நாட்டிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை அந்நாட்டார் அக்காலத்தில் விரும்பவில்லை. எனினும் மரியா தளராது பயின்று, 1896இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர், அறிவு வளர்ச்சி குன்றியோர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பணியை ஏற்றார். தொட்டும் எடுத்தும் அடுக்கியும் பழகத்தக்க கருவிகளால் அவர்களைப் பயிற்றினார். அவருள் சிலர் எழுதப் படிக்கக் கற்று, ஏனைய பிள்ளைகளுக்குரிய தேர்விலேயே தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ வேறொன்றை எண்ணிக் கவன்றார். இக்குழந்தைகளே இவ்வளவு உயர இயலுமாயின், குறையற்ற குழந்தைகள் அவர்க்கு நிகராக மட்டும் நிற்பது ஏன்? குறை குழந்தைகளிடம் இல்லை; கற்பிக்கும் முறையிலேயே உள்ளது எனத் தெளிந்தார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்கள் அங்கே சேர்ந்தனர். சில திங்களில் அவர்கள் தூய்மையும் ஒழுங்கும் பழகினர். நான்கு, ஐந்து வயதினர் எழுதவும் தொடங்கினர்.

1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்த அம்மையார், ஏறத்தாழ 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசு அவர் மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாம் பிறந்தநாளன்று அவரை விடுவித்தது. அத்துன்பத்திலும் அம்மையார் பணியைக் கைவிட்டாரல்லர். கொடைக்கானலிலும் தங்கிக் கற்பித்தார். 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்து நாட்டில் மறைந்தார்.

இளங்கல்வியின் பயன் நெடுநாள் நிற்குமா என்பதைப் பிற்காலத்தார் ஆராய்ந்தனர். அமெரிக்க நாட்டு இப்சிலாண்டி நகரில் 1962இல் தொடங்கிய ஆய்வொன்று, 123 ஏழைக் குழந்தைகளை அவர்தம் நாற்பதாம் வயது வரை தொடர்ந்து கண்டது. அங்குக் கற்பித்த முறை வேறு. ஆயினும் நோக்கம் ஒன்றே. தொடக்கத்தில் உயர்ந்த அறிவுத்தேர்வு மதிப்பெண் சில ஆண்டுகளில் தாழ்ந்தது. எனினும், இளங்கல்வி பெற்றோர் பெறாதோரினும் மிகுதியாக உயர்நிலைக் கல்வியை நிறைவு செய்தனர். ஊதியமும் மிகுதியாகப் பெற்றனர்.

இந்திய அரசு 1975இல் அங்கன்வாடித் திட்டத்தைத் தொடங்கியது. அம்பத்தூரை அடுத்த மேனாம்பேடு முதலிய ஊர்களிலும், பெற்றோர் உழைக்கச் செல்லும் பொழுதில் குழந்தைக்கு வேண்டுவது அன்று சான் லொரென்சோவில் வேண்டியதே. இளமையில் நட்ட வேர் ஆழ்ந்தாலன்றோ கல்வி மரம் நிலைத்து நின்று கனி தரும்!