மெக்பர்சன்: ஒரு பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர்

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்)



நம் பிரிவில் இந்தப் பெயரை எழுதாமல் யாரும் பாஸ் ஆனதில்லை. மெக்பர்சன் ஸ்ட்ரட் சஸ்பென்ஷனைப் படம் வரைந்து விளக்குக என்று கேள்வி வரும். ஒரு சக்கரம், ஒரு சுருள் ஸ்பிரிங், நடுவில் ஒரு ஷாக், கீழே ஒரு கை. அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் மார்க் வந்துவிடும். நானும் அப்படித்தான் மார்க் வாங்கினேன். மெக்பர்சன் என்பது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்றே இரண்டு வருடமாக நினைத்துக் கொண்டிருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பது எனக்குத் தெரிய வந்ததே ஒரு தப்பு செய்த பிறகுதான். முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா முடிச்சூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். சேஸிஸ் அடி வேலைதான் அவருக்குப் பழக்கம். படிப்பு ஐந்தாவது. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான் ஒருவன்தான். போன வருடம் ஒருத்தர் பழைய கான்டெஸா ஒன்றைக் கொண்டுவந்து விட்டார். 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. நீளமான மூக்கு, அகலமான உடம்பு. நம் நாட்டு மஸில் கார் என்று பிரியர்கள் செல்லமாகச் சொல்வது அதைத்தான். வண்டி வளைவில் சாயுது, கொஞ்சம் தாழ்வாகவும் டைட்டாகவும் வேணும் என்றார் ஓனர். அமெரிக்க வண்டிப் படங்களைப் போனில் பார்த்து மயங்கிக் கிடந்த நான், முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தயங்கினார். அப்புறம், படிக்கிற பையன் சொல்றான், சரியாகத்தான் இருக்கும் என்று வெட்டிவிட்டார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாலு பேர் ஏறிப் போன வண்டி ஒரு வேகத்தடையில் அடித்து, பம்ப் ஸ்டாப் நொறுங்கி, ஒரு பக்க ஷாக் ஆயில் கக்கித் திரும்பி வந்தது. ஸ்பிரிங், ஷாக் இரண்டையும் அப்பா தன் கைக்காசில் வாங்கிப் போட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எந்தப் புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கு என்று மட்டும் கேட்டார். நண்பர்களே, நான் வாங்கிய அடிகளிலேயே பெரிய அடி அதுதான்!

எந்தப் புத்தகத்திலும் அப்படிப் போடவில்லை. மாறாக, சுருள் ஸ்பிரிங்கில் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும் என்று நாம் பாஸ் செய்த பேப்பரிலேயே சூத்திரம் இருக்கிறது. விறைப்பும் கூடி, சக்கரம் மேலே ஏற இருந்த இடமும் குறைந்தால், பள்ளம் வந்ததும் வண்டி அடிக்கத்தானே செய்யும்? அன்று இரவு சஸ்பென்ஷன் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்போது கண்ணில் பட்டவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

ஏர்ல் ஸ்டீல் மெக்பர்சன் 1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஹைலேண்ட் பார்க் என்ற ஊரில் பிறந்தார். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எஞ்சினியரிங் படித்து 1915ல் வெளியே வந்தார். நேராக டெட்ராய்ட். கார் கம்பெனிகள் குவிந்து கிடந்த ஊர். சால்மர்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் ஐரோப்பா போய் விமான எஞ்சின்களோடு மல்லுக்கட்டினார். திரும்பி வந்து லிபர்ட்டி கம்பெனி, பிறகு 1923ல் ஹப் கம்பெனி. நாம் இன்று சால்மர்ஸ், லிபர்ட்டி, ஹப் என்ற கார்களை எங்காவது பார்க்கிறோமா? மூன்றும் மூடிப்போன கம்பெனிகள். வேலைக்குப் போன இடம் எல்லாம் நிலைக்கவில்லை என்று அந்த மனிதர் உட்கார்ந்துவிடவில்லை. 1934ல் ஜெனரல் மோட்டார்ஸில் நுழைந்தார். அங்கே செவர்லே பிரிவில் டிசைன் பொறுப்பில் உயர்ந்தார்.

1945. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம். போர் முடிந்தால் மக்கள் சிறிய, மலிவான கார் கேட்பார்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் கணக்குப் போட்டது. செவர்லே கேடட் என்று பெயர். விலை 1000 டாலருக்குள், எடை 2200 பவுண்டுக்குள், அதாவது சுமார் 1000 கிலோவுக்குள். இந்த வேலைக்குத் தலைமை எஞ்சினியர் மெக்பர்சன்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டியது இருக்கிறது. அன்றைய நல்ல முன் சஸ்பென்ஷன் என்றால் மேலே ஒரு விஷ்போன், கீழே ஒரு விஷ்போன், இடையில் ஸ்பிரிங், தனியாக ஒரு ஷாக், இவற்றைத் தாங்க ஒரு கனமான குறுக்குச் சட்டம். அத்தனையும் போட்டால் எடையும் ஏறும், விலையும் ஏறும். மெக்பர்சன் என்ன செய்தார்? ஷாக்கை வெறும் ஷாக்காக விடவில்லை. அதைத் தடியாக்கி, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவே ஆக்கிவிட்டார். தூணின் தலையை வண்டி உடம்போடு சேர்த்தார். ஸ்பிரிங்கை அந்தத் தூணையே சுற்றி உட்கார வைத்தார். கீழே மட்டும் ஒரு கை. மேல் விஷ்போன் போச்சு! ஸ்டியரிங் திருப்பினால் தூணே திரும்பும். பாரம் வண்டி உடம்பில் உயரத்திலும் அகலத்திலும் பரவி இறங்குவதால், தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிக்கு அது அப்படியே பொருந்தியது. இதே மாதிரியான எண்ணம் 1920களிலேயே ஐரோப்பாவில் சிலருக்கு வந்திருந்தது. அதை ஆயிரக்கணக்கில் தயாரிக்கக்கூடிய எளிய பொருளாக ஆக்கியது இவர்.

ஆனால் கேடட் வரவே இல்லை. நினைத்த விலைக்குள் வண்டியைக் கொண்டுவர முடியவில்லை. போர் முடிந்த பிறகு இரும்புக்கும் தட்டுப்பாடு. பெரிய கார்களே செய்யச் செய்ய விற்றுக் கொண்டிருந்தன. 1947 மே மாதம் திட்டத்தை மூடிவிட்டார்கள். மெக்பர்சனுக்கு அப்போது 55 வயது. நம் ஊரில் ரிட்டயர்மென்ட் பற்றிப் பேசுகிற வயது! இரண்டு வருட உழைப்பு கிடப்பில் போய்விட்டது.

அதே 1947ல் அவர் ஃபோர்டு கம்பெனிக்கு மாறினார். கையில் இருந்தது அந்த எண்ணம் ஒன்றுதான். இங்கிலாந்தில் ஃபோர்டு கம்பெனி புதிய கார்களுக்குத் தயாராகிக் கொண்டிருந்தது. 1950ல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஃபோர்டு கான்சல், ஜெஃபிர் என்ற இரண்டு கார்கள் வெளிவந்தன. இரண்டிலும் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட்! இந்த அமைப்புக்காக அவருக்கு 1953ஆம் ஆண்டில் இரண்டு காப்புரிமைகள் கிடைத்தன. ஒன்று ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது கேட்டது, மற்றது ஃபோர்டில் இருந்து கேட்டது. கைவிட்ட கம்பெனிக்கும் பங்கு, கைகொடுத்த கம்பெனிக்கும் பங்கு!

1952ல் அவர் ஃபோர்டு கம்பெனியின் எஞ்சினியரிங் துறைக்கே தலைவரானார். 1958ல் ஓய்வு பெற்றார். 1960ல் காலமானார்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் தலைவராக இருந்த காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற பெரிய வி8 கார்களில் அவருடைய ஸ்ட்ரட் இல்லை. விஷ்போன்தான்! 1964ல் வந்து உலகத்தையே கலக்கிய மஸ்டாங்கிலும் விஷ்போன்தான். மஸ்டாங்கில் ஸ்ட்ரட் வகை வந்தது 1979 மாடலில், அவர் இறந்து 19 வருடம் கழித்து. தன் கண்டுபிடிப்பு என்பதற்காக அது எல்லா வண்டியிலும் ஏறிவிடவில்லை. சிறிய, லேசான, தனிச் சேஸிஸ் இல்லாத வண்டிக்குப் பிறந்தது, அப்படிப்பட்ட வண்டிகளில் வளர்ந்தது. 1974ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், 1983ல் நம் மாருதி 800, 1998ல் நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த சான்ட்ரோ, எல்லாவற்றின் முன்பக்கத்திலும் அதுவே. தாம்பரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் நிற்கிற கால் டாக்ஸிகளின் பானட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் தெரிகிற வட்டத் தலைதான் அவருடைய தூணின் தலை.

இனி என் கான்டெஸாவுக்கு வருகிறேன். பழைய மஸில் காரை ரோட்டில் ஓட்ட நல்லாக்கணும் என்றால் எதில் கை வைப்பது? அந்த வி8 மஸ்டாங்கையே எடுத்துக்கொள்வோம். 1965ல் கரோல் ஷெல்பியின் ஆட்கள் மஸ்டாங்கை ரேஸுக்குத் தயார் செய்தபோது செய்த ஒரு முக்கியமான மாற்றம், மேல் விஷ்போன் மாட்டும் ஓட்டையை ஓர் அங்குலம் கீழே இறக்கியதுதான். வளைவில் வண்டி சாயும்போது டயர் ரோட்டில் நன்றாகப் படிந்தது. ஸ்பிரிங்கை வெட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

அமெரிக்கா வரை போக வேண்டாம். நம்ம பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960களில் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரானது. இங்கிலாந்து டிசைன். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அந்தக் காலத்துக்கு நவீனமான விஷயம். ஆனால் ஆள் ஏறினால் பின்சக்கரம் சாயும், டயர் ஒரு பக்கமாகத் தேயும், வேகமாக வளைத்தால் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வாங்கியவர்களுக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972ல் அதே வண்டியை மாற்றி கெஸல் என்று கொண்டுவந்தபோது சாதாரண லைவ் ஆக்ஸிலைப் போட்டார்கள். புத்தகத்தின்படி பார்த்தால் இது பின்னோக்கிப் போனது. நம்ம ரோட்டின்படி பார்த்தால் இதுதான் அப்கிரேடு!

ஆகவே நான் கற்றுக்கொண்ட வரிசை இதுதான். முதலில் நல்ல டயர். அடுத்து புஷ், பால் ஜாயின்ட். இருபது முப்பது வருட ரப்பர் மண்ணாய் உதிர்ந்து கிடக்கும்போது புது ஸ்பிரிங் போட்டு என்ன பயன்? மூன்றாவது நல்ல ஷாக். நாலாவது, சாய்வு இன்னும் இருந்தால் கொஞ்சம் தடித்த ஆன்டி ரோல் பார். அது இரண்டு பக்கச் சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது சும்மா இருக்கும், வளைவில் வண்டி சாயும்போது வேலை செய்யும். ஸ்பிரிங் கடைசியில்தான். அதையும் அந்த வண்டியின் எடைக்குக் கணக்குப் போட்டு வாங்க வேண்டும், வெட்டக் கூடாது. எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட். ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று எப்படித் தெரியும்?

இந்த வரிசையை எழுதி அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். புஷ் விஷயம் அவருக்கு முன்னமே தெரியுமாம். நான் அன்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். கேட்காதது யார் தப்பு? பிறகு அந்தக் கான்டெஸாவின் எல்லாப் புஷ்ஷையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாற்றினோம். வண்டி பாதி சரியானது புஷ்ஷிலேயே!

நண்பர்களே, தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கலில் ஏறினால் மறைமலை நகர் வரும். மெக்பர்சன் வேலை பார்த்த அதே ஃபோர்டு கம்பெனியின் தொழிற்சாலை அங்கே. 1999ல் ஐகான் கார் அங்கிருந்து வந்தது, முன்பக்கம் ஸ்ட்ரட்டோடு. 2022ல் அங்கே கார் தயாரிப்பு நின்றது. அங்கே வேலைக்குப் போகலாம் என்று கனவு கண்ட சீனியர்கள் பலரை எனக்குத் தெரியும். கம்பெனிகள் வரும், போகும். சால்மர்ஸ் போனது, லிபர்ட்டி போனது, ஹப் போனது, கேடட் கார் பிறக்கும் முன்பே போனது. அத்தனையும் போன பிறகும் அந்த மனிதரின் கைவேலை அவரோடு இருந்தது. 55 வயதைத் தொட்ட பிறகும் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலில் போய் நின்றார். நமக்கோ 18 வயதுதான் ஆகிறது!

அடுத்த தடவை பரீட்சையில் அந்தப் படத்தை வரையும்போது, அம்புக்குறி போடும் முன் அந்த மனிதரை ஒரு நொடி நினைத்துக் கொள்ளுங்கள். எதைச் சேர்க்கலாம் என்று எல்லாரும் யோசித்தபோது எதை எடுக்கலாம் என்று யோசித்தவர் அவர். அப்படியே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ கையில் கிரீஸோடு ஒருவர் இருந்தால், ஸ்பிரிங்கில் கை வைக்கும் முன் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.