சூனியத்துக்கு அஞ்சாத அருளானந்த சுவாமி



வீட்டில் நோய் நீடித்தாலும், தொழில் நொடித்தாலும், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று இருட்டிய பிறகு மந்திரவாதியின் வாசலைத் தேடுவோர் ஞானஸ்நானம் பெற்ற நம்மிடையிலும் உண்டு. அவர்களை மனதில் வைத்தே அர்ச். அருளானந்த சுவாமியின் சரித்திரத்தை இங்கே சொல்லுகிறோம்.

போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில் 1647-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, பிரபு குலத்தில் ஜான் தெ பிரித்தோ பிறந்தார். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தார். சிறு பிராயத்தில் கடும் நோயுற்றபோது, அவர் தாயார் அர்ச். சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு, குணமான மகனுக்கு ஓராண்டு சேசுசபை உடையை உடுத்தினார். 1662-ல் அச்சபையிலேயே சேர்ந்து, 1673-ல் குருப்பட்டம் பெற்று, மதுரை மிஷனுக்கு வந்தார். காவி தரித்து, புலால் நீக்கி, அருளானந்தர் என்று பெயர் பூண்டு, தஞ்சை, செஞ்சி நாடுகளிலும் மறவ நாட்டிலும் வேதம் போதித்தார். 1686-ல் மறவ நாட்டில் பிடிபட்டு, உபதேசிமாரோடு கொடிய வாதைகள் அனுபவித்து விடுதலையானார். பின்பு சபை அலுவலாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். அரசராகிவிட்ட பால்ய நண்பர் இரண்டாம் பேதுரு எவ்வளவு வேண்டியும் அங்கே தங்காமல், 1690-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் தடியத்தேவர் என்னும் மறவர் குலப் பிரபு தீராத நோயில் கிடந்தார். வைத்தியமும் பூசைகளும் பலிக்கவில்லை. சுவாமி அனுப்பிய உபதேசியார் சுவிசேஷத்தை வாசித்துச் செபிக்கவே, தேவர் குணமடைந்தார். ஞானஸ்நானமும் கேட்டார். சுவாமியோ அவசரப்படவில்லை. தேவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியோடு மாத்திரம் வாழ வேண்டும் என்றார். சரீரத்தை விட்டு நோய் நீங்கினது போதாது, ஆத்துமத்தின் கட்டும் அவிழவேண்டும் என்பது அவர் எண்ணம். தேவர் சம்மதித்து, மற்ற மனைவியர் ஜீவனத்துக்குக் குறைவு வராது என்று வாக்களித்து, 1693 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ரகுநாத சேதுபதிக்கு உறவு. அவரிடம் அழுது முறையிட்டாள். தேவரோ அரசுரிமை கோரக்கூடிய வம்சத்தவர். ஆகவே கோபத்தோடு சந்தேகமும் சேர்ந்தது. சுவாமி சிறைப்பட்டார். அவரையும் தேவரையும் மாய்க்க மந்திர தந்திரங்கள் செய்விக்கப்பட்டன, எதுவும் பலிக்கவில்லை. சபைத் தோழர் லைனஸ் சுவாமி அவ்வாண்டே எழுதிய கடிதம் இதைத் தெரிவிக்கிறது. கடைசியில் ஓரியூரில் பிப்ரவரி 4-ந் தேதி, விபூதிப் புதனன்று, சுவாமியின் தலை வெட்டுண்டது. 1853-ல் முத்திப்பேறு பட்டமும், 1947-ல் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன.

சூனியத்தைத் தடுத்த சர்வேசுரன் வாளை ஏன் தடுக்கவில்லை? நம் வேதம் தாயத்து அல்ல என்பதே பதில். துன்பமே அணுகாதபடி அது காவல் செய்வதில்லை. துன்பத்திலும் சர்வேசுரனை விட்டுப் பிரியாதபடி நம்மைக் காக்கிறது. வாள் சுவாமியின் உயிரைப் பறித்தது; விசுவாசத்தைப் பறிக்கவில்லை. பசாசு தேடியதோ அந்த விசுவாசத்தைத்தான்.

பசாசு உண்டென்று திருச்சபை போதிக்கிறது. ஆனால் எல்லா நோயும் பசாசின் வேலை அல்ல. சித்தம் கலங்கியவரை முதலில் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். திருச்சபைச் சட்டம் 1172-ன்படி, ஆயரின் விசேஷ அனுமதி பெற்ற குருவானவர் மட்டுமே பேயோட்டும் சடங்கை நடத்தலாம். மந்திரித்த கயிறு விற்பவனுக்கும், பேய் ஓட்டுகிறேன் என்று காசு கேட்பவனுக்கும் அதில் இடமில்லை.

செய்வினைக்குப் பயந்து அண்டை வீட்டாரைச் சந்தேகித்துப் பேச்சை நிறுத்திய குடும்பமே, பசாசுக்கு நீங்களே கதவு திறக்கவில்லையா? ஞானஸ்நானத்தில் அதை விட்டுவிட்டோம் என்று வாக்குக் கொடுத்தோமே. அந்தக் கயிற்றை இன்றே அறுத்தெறியுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். பக்கத்து வீட்டாரோடு சமாதானமாகுங்கள். அருளானந்த சுவாமி நமக்காக மன்றாடுவாராக.