மனைவி செய்த பிரெட்டை ரயிலில் சுமந்த வால் ஸ்ட்ரீட் கணவர்! - மார்கரெட் ரட்கின் ஜெயித்த கதை

உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை ஒருமுறை தள்ளிப் பாருங்க. இட்லிப் பொடி, பிரவுனி, ஊறுகாய், சத்துமாவுன்னு வீட்டுலயே செஞ்சு விக்கிற ஒருத்தராவது கண்டிப்பா இருப்பாங்க. அது உங்க மனைவியாகவோ, கணவராகவோகூட இருக்கலாம். 'சூப்பர்'னு சொல்லி ஒரு ஹார்ட் விடுறது ரொம்ப ஈஸி. ஆர்டர் வந்ததும் டெலிவரி பையை யார் தூக்கிட்டுப் போறதுங்கிற கேள்வி வருது பாருங்க, அங்கேதான் விஷயமே இருக்கு.

கிட்டத்தட்ட 90 வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு கணவர் அந்தப் பையைத் தூக்கினார். பைக்குள் இருந்தது அவர் மனைவி வீட்டில் சுட்ட பிரெட். அந்த மனைவியின் பெயர் மார்கரெட் ரட்கின். இன்று அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் நீங்க பார்க்கிற 'பெப்பரிட்ஜ் ஃபார்ம்' பிராண்டைத் தொடங்கியவர் அவர்தான்.

கணக்கு தெரிந்த பெண்

மார்கரெட் 1897-ம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பள்ளிப் படிப்பை முடித்ததும் ஒரு வங்கியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார். 1919-ல் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே பங்குதாரராக இருந்தவர்தான் ஹென்றி ரட்கின். 1923-ல் இருவருக்கும் கல்யாணம். அடுத்தடுத்து மூன்று மகன்கள்.

வால் ஸ்ட்ரீட்டில் பணம் கொழித்த காலம் அது. கனெக்டிகட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டு என்ற ஊரில் 125 ஏக்கர் நிலம் வாங்கி, பெரிய வீடாகக் கட்டினார்கள். அந்த நிலத்தில் நின்ற பெப்பரிட்ஜ் மரத்தின் பெயரையே வீட்டுக்கும் வைத்தார்கள். குதிரைகள், கார்கள், வேலையாட்கள்னு வாழ்க்கை ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. அந்த அடியே போதாதுன்னு, அடுத்த சில ஆண்டுகளில் போலோ விளையாடும்போது ஹென்றிக்குப் பலத்த காயம். பல மாதங்கள் வேலைக்கே போக முடியவில்லை. குதிரைகளை விற்றார்கள். கார்களில் பெரும்பாலானவற்றை விற்றார்கள். தோட்டத்து ஆப்பிளை விற்றார்கள், வான்கோழி வளர்த்து விற்றார்கள். பெரிய வீட்டுக்காரர்களாச்சேன்னு கௌரவம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

கல் மாதிரி வந்த முதல் பிரெட்

கடைசி மகன் மார்க்குக்கு ஆஸ்துமா. கடைகளில் கிடைத்த பதப்படுத்தப்பட்ட உணவுகள் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இயற்கையான உணவாகக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். வெள்ளை பிரெட்தான் கடைகளை நிறைத்திருந்த காலம். சரி, நாமே செஞ்சு பார்ப்போம்னு 1937-ல் களத்தில் இறங்கினார் மார்கரெட். அப்போது அவர் 40 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதுவரை பிரெட் சுட்டுப் பழக்கமே இல்லை.

கல்லில் அரைத்த முழு கோதுமை மாவை வாங்கினார். வெண்ணெய், பால், தேன் சேர்த்தார். முதல் பிரெட் உப்பவே இல்லை. கல் மாதிரி கெட்டியாக, தட்டையாக வந்து நின்றது. விடாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில், ஒருநாள் பக்குவம் பிடிபட்டது. மார்க் ரசித்துச் சாப்பிட்டான். மருத்துவர் முதலில் நம்பவில்லை. சாப்பிட்டுப் பார்த்ததும் தனக்கும், தன்னிடம் வரும் நோயாளிகளுக்கும் வேண்டும்னு கேட்டார். (இதைப் படிச்சுட்டு பிரெட் ஆஸ்துமாவுக்கு மருந்துன்னு நினைச்சுடாதீங்க. அது அந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொண்ட சாப்பாடு, அவ்வளவுதான்.)

1937 ஆகஸ்டில் உள்ளூர் மளிகைக் கடைக்கு பிரெட்டை எடுத்துக்கொண்டு போனார். மற்ற பிரெட் 10 சென்ட்டுக்கு விற்றபோது, இவர் சொன்ன விலை 25 சென்ட். கடைக்காரர் தயங்கினார். மார்கரெட் வாதம் பண்ணவில்லை. பிரெட்டை வெட்டி, வெண்ணெய் தடவி நீட்டினார். சாப்பிட்டவர் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த விலை வாய்க்கு வந்தபடி சொன்னதில்லை. நல்ல மாவு, நல்ல வெண்ணெய் வாங்கிச் செய்தால் எவ்வளவு அடக்கம் ஆகும்னு கணக்கு எழுதிப் பழகிய அந்தக் கைக்குத் தெரியும்.

24 பிரெட், ஒரு ரயில் பயணம்

அடுத்து நியூயார்க். அங்கிருந்த பெயர்பெற்ற உணவுப்பொருள் கடை ஒன்றிலும் இதே மாதிரி சுவைக்கக் கொடுத்தார். தினமும் 24 பிரெட் வேணும்னு ஆர்டர் கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனா, யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? வண்டி வைத்து அனுப்பினால் லாபம் மொத்தமும் வண்டிக்கே போய்விடும்.

ஹென்றி அப்போதும் வேலைக்காக ஃபேர்ஃபீல்டிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருந்தார். அந்த 24 பிரெட்டையும் அவரே கையோடு எடுத்துக்கொண்டார். கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு போர்ட்டரிடம் கொடுத்து, கடைக்கு அனுப்பிவிட்டு வால் ஸ்ட்ரீட்டுக்குப் போவார்.

யோசிச்சுப் பாருங்க. 25 சென்ட் வீதம் போட்டால்கூட 24 பிரெட்டுக்கு 6 டாலர்தான். லட்சக்கணக்கான டாலர் புழங்கும் இடத்தில் வேலை பார்ப்பவர், அந்த 6 டாலர் சரக்கைச் சுமந்துகொண்டு ரயில் ஏறியிருக்கிறார். கூட வரும் பயணிகளில் தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம். யார் என்ன நினைப்பார்களோன்னு அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தால், அந்த ஆர்டர் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதில் இன்னொன்றையும் கவனிங்க. அவர் வேலையை விடவில்லை, புதுசா எதையும் கண்டுபிடிக்கவில்லை. எப்படியும் போகப்போகிற ரயில்தான். அதில் மனைவியின் தொழிலுக்கும் ஓர் இடம் கொடுத்தார்.

சமையலறையிலிருந்து தொழிற்சாலைக்கு

ஆர்டர் கூடக் கூட சமையலறை போதவில்லை. வேலை கார் நிறுத்தும் இடத்துக்கும், குதிரை லாயத்துக்கும் நகர்ந்தது. 1939-ன் இறுதியில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் மார்கரெட்டின் பிரெட் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எங்கெங்கிருந்தோ கடிதங்கள் குவிந்தன. 1940-ல் பக்கத்து ஊரான நார்வாக்கில் இடத்தை வாடகைக்கு எடுத்தார்கள்.

இங்கேதான் பல குடும்பத் தொழில்களில் சிக்கல் வரும். தொழில் வளர்ந்ததும், 'இனி நான் பார்த்துக்கிறேன்'னு ஒருத்தர் மொத்தத்தையும் கையில் எடுத்துக்கொள்வார். இந்த வீட்டில் அப்படி ஆகவில்லை. தயாரிப்பும் பணியாளர்களும் மார்கரெட்டின் பொறுப்பு. பணமும் விற்பனையும் ஹென்றியின் பொறுப்பு. மாவில் எது சேர்க்கணும், எது கூடாதுங்கிறதெல்லாம் மார்கரெட் முடிவு. போர்க்காலத்தில் நல்ல பொருட்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தரத்தைக் குறைப்பதற்குப் பதிலாக உற்பத்தியைக் குறைத்துக்கொண்டார்கள்.

1947 ஜூலை 4 அன்று நார்வாக்கில் சொந்தமாக நவீன தொழிற்சாலை திறந்தார்கள். ஐரோப்பியப் பயணத்தில் சுவைத்த பெல்ஜியம் பிஸ்கட் பிடித்துப்போக, அந்தச் செய்முறைக்கு உரிமை வாங்கி, 1955-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். 1962-ல் வந்த 'கோல்டுஃபிஷ்' என்ற குட்டி மீன் பிஸ்கட்டை, அமெரிக்காவில் இருக்கும் உங்க சொந்தக்காரங்க யாராவது வாங்கி வந்திருக்கலாம். அதுவும் இந்த வீட்டுக் கதையிலிருந்து வந்ததுதான்!

1961-ல் கேம்பல் சூப் நிறுவனம் பெப்பரிட்ஜ் ஃபார்மை வாங்கியது. விலை 2.8 கோடி டாலர், பங்குகளாக. கேம்பலின் இயக்குநர் குழுவில் இடம்பிடித்த முதல் பெண் மார்கரெட்தான். 1963-ல் அவர் எழுதிய சமையல் புத்தகமும் பெஸ்ட்செல்லர் ஆனது.

1966-ல் ஹென்றி காலமானார். அதே ஆண்டில் மார்கரெட் ஓய்வுபெற்றார். 1967 ஜூன் 1 அன்று, 69 வயதில், புற்றுநோயால் மறைந்தார்.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்

மார்கரெட் ஜெயித்ததற்குக் காரணம் மார்கரெட்தான். அவருடைய கைப்பக்குவமும், கணக்கும், பிடிவாதமும்தான். கணவர் ரயிலில் கொண்டுபோனதால் பிரெட்டுக்கு ருசி வந்துவிடவில்லை. ஆனால், அவர் கொண்டுபோகாமல் இருந்திருந்தால், அந்த ருசி ஃபேர்ஃபீல்டைத் தாண்டி நியூயார்க் போய்ச்சேர இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்குமோ!

உங்க வீட்டிலும் யாராவது சின்னதா ஒரு உணவுத் தொழில் தொடங்கியிருந்தா, பெரிய முதலீடு பண்ணணும்னு அவசியமில்லை. நீங்க ஆபீஸ் போற வழியில் ரெண்டு ஆர்டர் கொடுக்க முடியுமா? ராத்திரி அரை மணி நேரம் உட்கார்ந்து வரவு செலவு எழுத முடியுமா? பாத்திரம் மலையாகக் குவிஞ்சு கிடக்கும்போது, கேட்காமலே போய்த் தேய்க்க முடியுமா?

நாளைக்குக் காலையில் கிளம்பும்போது ஒரு தடவை கேட்டுப் பாருங்க... போற வழியில கொடுக்க வேண்டியது ஏதாவது இருக்கான்னு!