சீர்காழி தந்த இசைமணி

மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் உள்ள நம் திருக்கோயில்களில் வைகறையில் நடை திறக்கும் வேளை, ஒலிபெருக்கியின் வழியே கணீரென்று ஒரு குரல் எழுவதுண்டு. முதலில் விநாயகப் பெருமானை அழைத்து, பின்னர் முருகப் பெருமானின் புகழ் பாடும் அக்குரலை அறியாத அன்பர் நம்மிடையே அரியர். வெண்கலக் குரலோன் என்று தமிழுலகம் போற்றிய இசைமணி சீர்காழி கோவிந்தராஜன் அவர்களின் குரல் அது. அக்குரல் இறைவன் அளித்த கொடை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அக்கொடையைப் பண்படுத்தி நமக்கு அளித்தவர்கள் யாவர் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

ஞானப்பால் உண்ட தலம்

கோவிந்தராஜன் 1933ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19ஆம் நாள் சீர்காழியில் பிறந்தார். தந்தையார் சிவசிதம்பரம், தாயார் அவயாம்பாள். மூன்று வயதுக் குழந்தையான திருஞானசம்பந்தருக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டிய தலம் சீர்காழி. அந்நிகழ்ச்சியைப் போற்றி ஆண்டுதோறும் சித்திரைத் திங்களில் அங்கே திருமுலைப்பால் விழா நடைபெறுகின்றது. அவ்விழாவில்தான் எட்டு வயதுச் சிறுவனான கோவிந்தராஜனின் முதல் இசையரங்கு நிகழ்ந்தது. பாடகர் ஒருவர் முதன்முதலாகப் பாடுவதற்கு இதனினும் சிறந்த இடம் வேறு யாது?

இளமையில் அவர் நாடகக் குழுவிலும் நடித்துப் பாடினார். அக்காலத்தில் நல்ல குரல் வாய்த்த சிறுவர் பலருக்கு நாடக மேடையே புகலிடமாக இருந்தது. ஆனால் குரல் உடைந்து மாறும் பருவம் வந்ததும் அவர்களுட் பலர் பாட்டை இழந்து மறைந்து போயினர். கோவிந்தராஜனுக்கு அந்நிலை நேராமல் காத்தது ஓர் இசைக் கல்லூரி.

வள்ளல் நட்ட மரம்

அந்நாளில் இசையரங்குகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுதியாக ஒலித்தன. தமிழ்ப் பாடல்கள் இறுதியில் சிறு துணுக்குகளாக இடம்பெற்றன. இக்குறையைப் போக்க முன்வந்தவர் செட்டிநாட்டரசர் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். சீர்காழிக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவருடைய கொடையால் எழுந்தது. அங்கே 1941ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பெற்றது. அச்சங்கம் இளைஞர்களுக்கு முறையாக இசை பயிற்றுவிக்கத் தமிழ் இசைக் கல்லூரியையும் தொடங்கியது.

அக்கல்லூரியிலே கோவிந்தராஜன் மாணவராகச் சேர்ந்தார். புல்லாங்குழல் மேதை திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை அவருக்கு ஆசானாக அமைந்தார். 1949இல் தம் பதினாறாம் வயதில் அவர் ‘இசைமணி’ பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1948 சூன் 15இல், அண்ணாமலை அரசர் இயற்கை எய்திவிட்டார். மரத்தை நட்டவர் அதன் கனியைக் காணவில்லை. அறம் செய்வோர் பலருக்கும் இதுவே இயல்பு.

போட்டியில் பெற்ற வெற்றி

பட்டம் பெற்றதோடு கோவிந்தராஜன் அமைந்துவிடவில்லை. முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக வீற்றிருந்த சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் மேலும் பயின்று, 1951இல் சங்கீத வித்துவான் ஆனார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் சென்னை மியூசிக் அகாடமி நடத்திய போட்டிகளில் கலந்துகொண்டு முதற்பரிசு வென்றார். அவர் வென்றது இராகம் தானம் பல்லவியில். மனப்பாடம் செய்த கீர்த்தனையை ஒப்பித்துப் பெறக்கூடிய பரிசன்று அது. இராகத்தைத் தாமே விரித்து, தாளக் கணக்குப் பிறழாமல் பல்லவியை நிரவிப் பாடும் ஆற்றல் வேண்டும். தமிழிசை இயக்கத்தோடு கருத்து வேறுபாடு கொண்டிருந்த அவையிலே தமிழ் இசைக் கல்லூரி மாணவர் ஒருவர் முதலிடம் பெற்றார் என்பது, தமிழில் பாடுவோர்க்கு இசைப் புலமை குறைவு என்ற எண்ணத்திற்கு மறுமொழியாக அமைந்தது.

தொண்டும் புகழும்

1954இல் ‘பொன்வயல்’ படத்தின் வாயிலாகத் திரையுலகில் அவர் குரல் ஒலித்தது. ‘கர்ணன்’ (1964) படத்தில் கண்ணபிரானுக்காகப் பாடினார். ‘அகத்தியர்’ (1972) படத்தில் குறுமுனிவராகவே நடித்தார். எனினும் திரைப்புகழ் அவரைக் கோயிலிலிருந்து பிரித்துவிடவில்லை. தமிழ்ப் பாடலில் தொடங்கித் தமிழ்ப் பாடலில் நிறைவு செய்வதைத் தம் இசையரங்குகளில் வழக்கமாக்கினார். அபிராமி அந்தாதியும் கந்தகுரு கவசமும் அவர் குரலால் இல்லந்தோறும் சென்றன. 1983இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1988 மார்ச் 24இல், தம் 55ஆம் வயதில், அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய மைந்தர் மருத்துவர் சிவசிதம்பரம் தந்தையாரின் இசைப்பணியைத் தொடர்ந்தார்.

நாம் செய்யத் தக்கது

நம் ஆலயங்களிலும் திருமுறை ஓதும் போட்டிகள் நடைபெறுகின்றன. சின்னஞ்சிறு பிள்ளைகள் மேடையேறித் தேவாரம் பாடக் கேட்டு உள்ளம் உருகுகிறோம். கேடயம் வழங்கி, கைதட்டி வாழ்த்தி அனுப்புகிறோம். அதன்பின் அப்பிள்ளையின் இசை என்ன ஆகின்றது? கோவிந்தராஜன் அவர்களின் வாழ்வு இதற்கு விடை கூறுகின்றது. எட்டு வயதில் கோயில் விழாவில் பாடிய சிறுவனுக்கு ஆசானும் கல்லூரியும் அமைந்தன. அதன் பின்னரே போட்டி அவருடைய புலமையை உலகறியச் செய்தது. பயிற்சி இல்லாத பரிசு ஒருநாள் மகிழ்ச்சியோடு முடிந்துவிடும்.

பரிசு பெறும் பிள்ளைகளுள் ஒருவருக்கேனும் ஓதுவார் ஒருவரிடமோ இசையாசிரியரிடமோ சில ஆண்டுகள் தொடர்ந்து பயில உபகாரச் சம்பளம் அளிப்பதற்கு உபயகாரர்கள் முன்வருவார்களாயின், அதுவும் அர்ச்சனைக்கு நிகரான ஆலயத் திருப்பணியே ஆகும். அதன் பயனை நாம் கண்ணாரக் காணாமல் போகலாம். ஆயினும், நாளை நம் சந்நிதியில் ஒரு குரல் எழும். அதைக் கேட்டு நம் பேரப் பிள்ளைகள் கைகூப்புவர். அதற்குத் தோணியப்பர் திருவருள் துணைநிற்பதாக.