பீங்கானால் பல்லுக்குச் சட்டை தைத்தவர்

1927ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியாக விமானமேறி, 33½ மணி நேரம் இடைவிடாது பறந்து பாரிஸில் இறங்கிய சார்ல்ஸ் லிண்ட்பர்க்கைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவருடைய தாயைப் பெற்ற தாத்தா ஒரு பல் வைத்தியர். பேரனை அறிந்த அளவுக்கு உலகம் தாத்தாவை அறியாது. ஆனால் பல் மருத்துவர்கள் அவரை மறக்கவில்லை.

டாக்டர் சார்ல்ஸ் ஹென்றி லாண்ட் 1847இல் கனடாவில், இன்றைய ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள சிம்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அக்காலத்தில் பலரும் செய்தது போல், மூத்த வைத்தியர் ஒருவரிடம் உதவியாளாக இருந்தே தொழில் பழகினார். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று டெட்ராய்ட் நகரில் நிலைத்துவிட்டார்.

அந்நாளில் சொத்தை விழுந்த முன்பல்லைக் குடைந்து, தங்கத் தகட்டைத் தட்டித் தட்டி நிரப்புவார்கள். உறுதிதான், ஆனால் வாய் திறந்தால் மஞ்சளாய் மின்னும். பல் பாதி உடைந்துவிட்டாலோ பெரும்பாலும் எஞ்சிய நல்ல பாகத்தையும் வேர்வரை வெட்டிவிட்டு, வேருக்குள் ஓர் ஆணி இறக்கி, அதன்மேல் செயற்கைப் பல்லை நிறுத்துவர். உயிரோடு நிற்கும் பாகத்தை அப்படியே விட்டு, போன பாகத்தை மட்டும் பல்லின் நிறத்திலேயே ஈடுசெய்ய முடியாதா என்று லாண்ட் முயன்றார். அதற்கு அவர் தேர்ந்த பொருள் பீங்கான்.

அவர் கண்ட வழி எளிதாகத் தோன்றும், ஆனால் கைப்பழக்கம் வேண்டும். காகிதத்தைவிட மெல்லிய பிளாட்டினத் தகட்டைப் பல்லின் வடிவத்துக்கு ஒட்ட அழுத்தி, ஒரு சிறு கிண்ணம் போல எடுப்பார். பீங்கான் பொடியை நீரில் குழைத்து அதன்மேல் பூசிச் சூளையில் வைப்பார். சூடு ஏறத்தாழ 1,300 டிகிரி சென்டிகிரேடு. அந்த வெப்பத்திலும் பிளாட்டினம் உருகாது. பீங்கானோ வேகும்போது சுருங்கும். ஆகவே மறுபடி பூச வேண்டும், மறுபடி சுட வேண்டும். கடைசியில் தகட்டை உரித்தெடுத்தால், பல்லில் கச்சிதமாக அமரும் மெல்லிய உறை கையில் இருக்கும். இதற்கான எரிவாயுச் சூளையையும் அவரே வடிவமைத்தார். 1880களின் கடைசி ஆண்டுகளில் இம்முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1903 அளவில் உறை முழு உருவம் பெற்றது. ஜாக்கெட் கிரவுன் என்று பெயராயிற்று. ஜாக்கெட் என்றதும் நமக்குத் தையற்காரர்தான் நினைவுக்கு வருவார். பொருத்தமான பெயர்தான், அளவு சற்றுத் தப்பினாலும் போட முடியாது.

காப்புரிமை வாங்கியது சக வைத்தியர்களுக்குப் பிடிக்கவில்லை. நோயாளிக்குப் பயன்படும் வழியைத் தன்னுடையது என்று வேலி போடலாமா என்பது அவர்கள் கேள்வி. பல ஆண்டு உழைத்து, சூளைக்கும் பிளாட்டினத்துக்கும் செலவழித்தவர் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை.

அவருடைய மகள் எவாஞ்சலின், பெண்கள் கல்லூரிக்குப் போவது அரிதாயிருந்த அந்நாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியையானார். 1902இல் அவருக்கு டெட்ராய்டிலுள்ள தந்தையின் வீட்டில் பிறந்தவனே வருங்கால விமானி. சிறுவன் தாத்தா வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே பொழுதைக் கழித்தான். சூளையும் பொடிகளும் கருவிகளும் அவனுக்கு விளையாட்டுப் பொருள்களாயின. 1922இல் லாண்ட் காலமானார். பேரன் அட்லாண்டிக்கைக் கடந்ததைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கண்ணால் காணாத இன்னொன்றும் உண்டு. பீங்கான் உறையை அவர் பல்லில் நிறுத்தியது சிமெண்டைக் கொண்டு. அது உண்மையில் ஒட்டுவதில்லை. இடுக்கை அடைத்து நெருக்கிப் பிடிக்கும், அவ்வளவே. பீங்கானும் நம் வீட்டுக் கோப்பையைப் போலத்தான். அமுக்கினால் தாங்கும், வளைத்தால் விரிசல் விடும். ஓரம் ஒரு கீற்று உடைந்தாலும் முழு உறையையும் எடுத்தெறிந்துவிட்டுச் சூளையை மறுபடி மூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் குறை தீரப் பல ஆண்டுகள் ஆயின. 1955இல் மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், பல்லின் எனாமல்மீது பாஸ்பாரிக் அமிலத்தை 30 வினாடி தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுகின்றன என்றும், பிசின் அவற்றுள் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது என்றும் காட்டினார். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க அமிலம் தடவும் தொழிற்சாலை வழக்கமே அவருக்கு வழிகாட்டியது. அடுத்து ராபேல் போவன் நுண்ணிய சிலிக்கா துகள்களைக் கலந்து உறுதியான பல் பிசினை உருவாக்கி, 1962இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் பாஸ்பாரிக் அமிலம் பீங்கானை அரிக்காது. அதற்குக் கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலம் வேண்டும். 1983இல் வெளிவந்த ஆய்வுகள் அதைக் கொண்டு பீங்கானில் பிசினை உறுதியாகப் பிடிக்கச் செய்யலாம் என்று காட்டின. இப்போது உறையின் ஓரம் உடைந்தால், மருத்துவர் ஈறின்மேல் ரப்பர் விரிப்பு போர்த்துகிறார். அந்த அமிலம் சதையில் பட்டால் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். உடைந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, அமிலக் கூழைச் சிறிது நேரம் வைத்துக் கழுவி, உலர்த்தி, சைலேன் என்ற திரவத்தைத் தடவுகிறார். சைலேனின் ஒரு முனை பீங்கானையும் மறுமுனை பிசினையும் பற்றிக்கொள்ளும். அதன்மேல் பல் நிறப் பிசினை வைத்து, நீல ஒளி காட்டி இறுகச் செய்கிறார். உறையைக் கழற்றாமலே, ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடுகிறது. நாளடைவில் பிசின் நிறம் மங்கும், சில வேளை பெயர்ந்தும் விழும். அப்போது மறுபடி வைத்துக்கொள்ளலாம். அடியிலிருக்கும் பல்லைத் தொட வேண்டியதில்லை.